ஆறாவது பெயர்

வதனி தெரிவு செய்தது ஐந்து பெயர்களைத்தான். புதுக் கொம்பியூட்டரின் திரையில் ஆறு பெயர்கள் நின்றன.

கல்லடியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்துவந்த நிவாரண நிறுவனம் அது. யுத்தம் முடிந்து ஏழு மாதமாகியிருந்தது. மீள்குடியேற்ற வேலைகளுக்கென்று கொழும்பிலிருந்து புதுக் கொம்பியூட்டர் ஒன்று வந்து இறங்கியிருந்தது. பழையதில் உள்ள கோப்புகளையும் ஐந்து பேரின் பயனர் கணக்குகளையும் பின்னேரத்துக்குள் புதியதற்கு மாற்றச் சொல்லிவிட்டு, பொறுப்பாளர் சில்வெஸ்டர் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டார். மேல்மாடியில் வதனி மட்டும். கீழே காவலுக்கு நல்லரத்தினம்.

மணி நாலுதான். ஆனாலும் மார்கழி மழை தகரக் கூரையில் விடாமல் இரைந்துகொண்டிருக்க, யன்னலுக்கு வெளியே வாவியும் வானமும் ஒரே சாம்பலாய்க் கலந்து கிடக்க, அறைக்குள் அப்போதே இருட்டுக் கட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு கொம்பியூட்டர்களையும் இணைத்த நீல வயர் மேசைமேல் வளைந்து கிடந்தது. பழையதின் வயிற்றுக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம், சற்று நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தது.

ஆறாவது பெயர் றீற்றா.

வதனி பழைய திரையைத் திரும்பிப் பார்த்தாள். அதில் ஐந்துதான். சுனாமி நடந்த அடுத்த மாதமே றீற்றாவின் கணக்கை சில்வெஸ்டர் அழித்துவிட்டார். அழிக்கும்போது அவர் அழுததை, பக்கத்தில் நின்று கண்ணால் கண்டவள் வதனி. அவளும் அழுதாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது இருந்தது. அந்த ஞாயிறு காலை, ஆண்டறிக்கையை முடிக்கவென்று நாலு பேர் இதே அறையில் இருந்தார்கள். வதனி ஆரையம்பதியில் தன் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "றீற்றா, அறிக்கை போட்ட அந்தப் பிளொப்பிய எடுத்துக்கொண்டு கீழ வாசல் கேற்றடிக்கு வந்து நில்லு. இந்தா, ஓட்டோவில வாறன்" என்றாள். பிட்டு அவிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாமென்று இருந்துவிட்டாள். அதற்குள் கடல் வந்துவிட்டது. மேலே நின்ற மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. றீற்றாவின் உடல் கிடைக்கவேயில்லை.

ஒவ்வொரு வருடமும் நினைவுப் பூசையில் றீற்றாவின் அம்மா வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்பாள். "மேல இருந்த எல்லாரும் தப்பிற்றாங்க புள்ள. இவள் மட்டும் என்னத்துக்குக் கீழ இறங்கினவள்?"

"தெரியா அன்ரி" என்பாள் வதனி.

ஏதோ பழைய மிச்சம் இழுபட்டு வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அந்தப் பெயரின் மேல் மவுஸை வைத்து அழிக்கக் கொடுத்தாள். உறுதிதானா என்று கேட்டது. ஓமென்று அழுத்தினாள். பெயர் போனது. ஒரு மூச்சு விடுவதற்குள் அதே இடத்தில் திரும்ப வந்து நின்றது.

கோப்பு மாற்றம் முடிய எட்டு நிமிடம் மிச்சம் என்று காட்டிக்கொண்டிருந்த பச்சைக்கோடு இப்போது நாற்பது நிமிடம் என்றது. சுரண்டல் சத்தம் வேகம் பிடித்தது. மழை ஈரத்தின் மணத்துக்கு அடியிலிருந்து வேறொரு மணம் எழுந்தது. கடல் ஏறி வடிந்த வீடுகளுக்குள் மாதக்கணக்காக நின்ற, உப்பும் சேறும் அழுகலும் கலந்த அந்த மணம். அதை அவள் மறந்திருக்கவில்லை. அந்த வருடம் எத்தனை வீடுகளுக்குள் பதிவுப் புத்தகத்தோடு போயிருப்பாள்.

றீற்றாவின் கோப்புறையைத் திறந்தாள்.

உள்ளே வரிசை வரிசையாகக் கோப்புகள். பெயருக்குப் பதில் திகதிகள். முதலாவது, இரண்டாயிரத்து நாலு டிசம்பர் இருபத்தாறு. அடுத்தது இருபத்தேழு. அடுத்தது இருபத்தெட்டு. ஒரு நாளும் விடுபடவில்லை. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன, ஐந்து வருடத்து நாட்கள் அத்தனையும்.

முதலாவதைத் திறந்தாள். ஒரே வரி.

"வதனி, கேற்றடியில நிக்கிறன்."

இடையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் வரல்லையா?"

இன்னொன்று. "சாப்பிட்டு முடிச்சிற்றியா?"

கை மவுஸிலிருந்து தானாக விலகியது. பிட்டுச் சாப்பிட்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய புருஷனிடம்கூட.

கடைசிக் கோப்பில் இன்றைய திகதி இருந்தது. திறக்கக்கூடாது என்று நினைத்தாள். திறந்தாள்.

"நிண்டது போதும். மேல வாறன்."

வதனி குனிந்து நீல வயரைப் பிடுங்கினாள். பச்சைக்கோடு நிற்கவில்லை. நகர்ந்துகொண்டே இருந்தது.

"வதனிப் புள்ளே!" கீழிருந்து நல்லரத்தினத்தின் குரல். அவர் போன வருடம் வேலைக்கு வந்தவர். றீற்றாவின் முகம் அவருக்குத் தெரியாது. "உங்கட கூட்டாளி ஒராள் வந்திரிக்கு. நெடுநேரமா வெளியில நிண்டதாம். தெப்பமா நனைஞ்சி போச்சு, பாவம். மேல போகச் சொல்லிற்றன்!"

"அண்ணன், விடாதீங்க!"

"என்ன? மழையில ஒண்டும் கேக்குதில்ல!"

படியில் காலடி. ஈரக்கால். ஒரு படி. ஒரு நிறுத்தம். அடுத்த படி.

வதனி ஓடினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு கையாலும் பலகையை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றாள் கதவிடம். "நான்தான் உன்னைக் கீழ வரச் சொன்னனான். அம்மாட்டச் சொல்லுறன். நாளைக்கே போய்ச் சொல்லுறன். திரும்பிப் போ, றீற்றா."

காலடி கடைசிப் படியில் ஏறியது. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

தட்டவில்லை.

மழைச் சத்தம் மட்டும். அவள் காதைப் பலகையில் வைத்தாள். மறுபக்கத்தில் மூச்சு இல்லை. அசைவு இல்லை. ஆளே இல்லை. போய்விட்டாள், கேட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நெஞ்சுப் பாரம் ஒருகணம் இறங்கியது.

டக்.

சத்தம் கதவுக்கு வெளியிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால்.

டக். டக்.

கதவை விடாமல், தலையை மட்டும் மெல்லத் திருப்பினாள். பழைய கொம்பியூட்டர் அணைந்து கறுத்துக் கிடந்தது. புதியதின் வெளிச்சத்தில் விசைப்பலகையின் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே அமுங்கி எழுந்தன. அமுங்கிய ஒவ்வொன்றின் இடுக்கிலிருந்தும் மண்ணிறத் தண்ணீர் ஊறி, மேசை விளிம்பால் வழிந்து, ஆள் உட்காராத கதிரையின் முன் நிலத்தில் விழுந்தது. விழுந்த தண்ணீர் பரவவில்லை. இரண்டு பாதங்களின் அளவில், விரல்கள் அவள் பக்கம் பார்க்க, தேங்கி நின்றது.