அறுபது எண்ணும் வரை

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஷெட் இருந்தது. ஒரு காலத்தில் லாரி ரிப்பேர் பார்த்த இடம். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் தரையில் கிரீஸ் கறை போகாது. சனிக்கிழமை மதியம் ஆனால் போதும், தெருப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் கிடப்போம்.

அங்கே பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஒரு நீள மேசை. அதன்மேல் கத்தரிக்கோல், பசை, பழைய பேட்டரி, அட்டைப்பெட்டி, உடைந்த கடிகாரம். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எதையும் செய்து பார்க்கலாம். இன்றைக்கும் எங்கேயாவது பசை வாசம் வந்தால் எனக்குப் பத்து வயது ஆகிவிடும்.

என்னை எல்லாரும் ‘குடுக்கை’ என்று கூப்பிடுவார்கள். அவசரக்குடுக்கை என்பதன் சுருக்கம். பசை காய்வதற்குள் தூக்கிப் பார்க்கிற ஆள் நான். பெயர் பொருத்தம்தான், கோபித்து என்ன செய்ய?

என் தோழியின் பட்டப்பெயர் ‘கணக்குப்பிள்ளை’. படிக்கட்டு, சட்டைப் பொத்தான், எறும்பு என்று எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். “உங்க வீட்டு ஜன்னல்ல இருபத்தோரு கம்பிடி” என்று ஒருநாள் சொன்னாள். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது.

அந்த மாதம் நாங்கள் நாலு பேர் தகர டப்பாவில் கேமரா செய்தோம். சொல்லிக்கொடுத்தவர் எக்ஸ்ரே அக்கா. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பார், சனிக்கிழமை எங்களோடு மல்லுக்கட்டுவார்.

டப்பாவுக்குள் கறுப்புப் பெயின்ட். பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஓட்டையின்மேல் கறுப்பு டேப். உள்ளே ஒரு போட்டோ காகிதம். அவ்வளவுதான் கேமரா! டேப்பை உரித்து, அறுபது எண்ணி, திரும்ப ஒட்டினால் படம் விழுந்துவிடும். டப்பா மட்டும் ஆடக் கூடாது.

டப்பாவில் காகிதம் போடவும் படத்தைக் கழுவவும் ஷெட்டின் கழிவறைதான் இருட்டறை. அதில் ஒரு சிவப்பு பல்பு. யாருக்காவது அவசரம் என்றால் வீட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

முதலில் படம் எடுத்தவன் ஊசி. தையல்காரர் மகன். தெருவை எடுத்தான். அறுபது எண்ணுவதற்குள் ஒரு பஸ் போனது, மூன்று சைக்கிள் போனது, ஒருவர் குடையோடு போனார். படத்தில் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை!

“என் பஸ்ஸை எவன்டா திருடினான்?” என்று கத்தினான் ஊசி.

“இந்தக் கேமரா ஆற அமரத்தான் பாக்கும். ஓடுறவங்கள அது கண்டுக்கவே கண்டுக்காது” என்று சிரித்தார் அக்கா.

அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது. கணக்குப்பிள்ளையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். மறுநாள் காலையில் சாமான் ஏற்ற லாரி வருகிறது. எங்களோடு அவளுக்கு அதுதான் கடைசிச் சனிக்கிழமை.

வழக்கம்போல நான்தான் முதல் ஆளாக இருட்டறைக்குள் ஓடினேன். டப்பாவில் ஒரு காகிதத்தை வைத்து மூடினேன். என் புதுச் சைக்கிளைப் படம் எடுப்பதாகத் திட்டம். சைக்கிள் ஆடாமல் அசையாமல் நிற்கும் பாருங்கள்.

அப்போது மேசைப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“அக்கா, உறைமேல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. எண்ணிப் பாத்தா பதினெட்டுதான் இருக்கு!”

எல்லாரும் திரும்பினோம். ஜன்னல் வெயில் பளிச்சென்று விழுகிற இடத்தில் கணக்குப்பிள்ளை நின்றாள். கையில் காகிதங்களின் கறுப்பு உறை. மேசைமேல் வரிசை வரிசையாகப் போட்டோ காகிதங்கள்.

வெளிச்சம் பட்டால் போட்டோ காகிதத்தின் கதை முடிந்தது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் எண்ணவேண்டும் என்று தோன்றிவிட்டால் அவளுக்கு வேறெதுவும் ஞாபகத்துக்கு வராது.

“போச்சு, எல்லாம் போச்சு!” அக்கா தலையில் கை வைத்தார். “அடுத்த பாக்கெட் வர ஒரு மாசம் ஆகுமே.”

“மூணு வாரமாக் காத்திருந்தேன்டி!” பேக்கரிக்காரர் மகள் பன்னு அழவே ஆரம்பித்துவிட்டாள். “எங்க அப்பா படத்துக்குன்னு கடைக் கண்ணாடியெல்லாம் துடைச்சு வச்சிருக்காரு.”

“விடு பன்னு. நாளைக்குத்தான் போயிடுவாளே, அப்புறம் நம்ம சாமான் பத்திரமா இருக்கும்” என்றான் ஊசி.

சுரீர் என்றது எனக்கு. கணக்குப்பிள்ளை குனிந்து காகிதங்களை அடுக்கினாள். உதடு மட்டும் அசைந்தது. அழுகையை அடக்கத்தான் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அந்த உறை இருட்டறையை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாது. அவசரத்தில் அதைக் கையோடு கொண்டுவந்து மேசையில் போட்டது யார்? சாட்சாத் நான்தான்.

“அவள மட்டும் திட்டாதீங்க” என்றேன். “உறைய வெளிய கொண்டுவந்து போட்டவ நான். என் டப்பாவுல ஒரு காகிதம் நல்லா இருக்கு. எல்லாரும் சேர்ந்து நின்னு ஒரு படம் எடுப்போம்.”

“அப்ப உன் சைக்கிள்?” என்றாள் பன்னு.

“அது எங்க ஓடிப் போகப்போகுது?”

பன்னு மூக்கை உறிஞ்சினாள். “சரி. ஆனா டேப்ப யாரு உரிக்கிறது? அக்காவும் நம்மகூட நிக்கணும்.”

அதுதான் சிக்கல். டப்பா ஆடாமல் உரிக்கப் பழகின கை வேண்டும். தெருவில் போகிறவரைக் கூப்பிட முடியாது. எங்களில் ஒருவர் வெளியே நின்றுதான் ஆகவேண்டும்.

“நான் உரிக்கிறேன்” என்றாள் கணக்குப்பிள்ளை. “எண்ணவும் எனக்குத்தான் சரியா வரும். நீங்க எல்லாரும் நில்லுங்க. கெடுத்தது நான்தானே.”

ஊசி காலால் தரையைத் தேய்த்தான்.

“நீ இல்லாத படம் எங்களுக்கு எதுக்கு?” என்றான். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் வெளிய நிக்கிறேன்.”

“உனக்குக் கை நடுங்கும். நான் நிக்கிறேன்” என்றாள் பன்னு.

“நீ ஒண்ணும் நிக்க வேணாம்!”

பத்து நிமிடத்துக்கு முன்னால் காகிதம் கெட்டுப்போனதற்குச் சண்டை. இப்போது யார் படத்தில் இல்லாமல் இருப்பது என்று சண்டை. அக்கா யாரைச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் முழித்தார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“டேய் ஊசி, உன் பஸ் எங்கடா போச்சு?”

“கேமரா கண்டுக்கல. அதுக்கு இப்ப என்ன?”

“அப்ப ஓடுற என்னையும் கண்டுக்காது! டேப்ப உரிச்சுட்டு ஓடிவந்து நிப்பேன். முடியுற நேரத்துல ஓடிப்போய் ஒட்டிடுவேன். யாரும் வெளிய நிக்க வேணாம்!”

“அட, இது எனக்குத் தோணலையே!” என்றார் அக்கா. “ஓடுறதுக்கு உன்னை விட்டா வேற ஆள் ஏது?”

வெளியே செங்கல் சுவர் ஓரமாக எல்லாரும் நின்றார்கள். நடுவில் கணக்குப்பிள்ளை. எதிரே ஸ்டூலில் டப்பா. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக டேப்பை உரித்தேன். நான் மெதுவாகச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். பிறகு எடுத்தேன் ஓட்டம்!

“ஆறு, ஏழு, எட்டு...” அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசியின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. பாவம், அவன் அசையவே இல்லை.

“முப்பது, முப்பத்தொண்ணு...”

இந்த எண்ணிக்கை முடிந்தால் இந்தச் சனிக்கிழமை முடிந்துவிடும். நாளைக்கு என் பக்கத்தில் அவள் இருக்க மாட்டாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்கு அவசரமே இல்லை.

“அம்பது! போடி!”

நான் நகரவில்லை.

“அம்பத்தஞ்சு! குடுக்கை, ஓடுடி!”

ஓடினேன். சரியாக அறுபதில் டேப்பை ஒட்டினேன்.

கழிவறைக்குள் ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். சிவப்பு வெளிச்சத்தில் அக்கா காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுவர் வந்தது. அப்புறம் தலைகள். வெள்ளை எல்லாம் கறுப்பாக, கறுப்பு எல்லாம் வெள்ளையாக.

“ஐயையோ, எல்லாருக்கும் தலை நரைச்சுப்போச்சு!” என்றான் ஊசி.

“எண்ணிக்கிட்டே இருந்ததால இவளுக்கு வாயே காணோம்!” என்றாள் பன்னு.

நான் என்னைத் தேடினேன். இருந்தேன். ஆனால் என் கவுனுக்குள்ளே செங்கல் கோடுகள் லேசாகத் தெரிந்தன. ஓடின நேரத்தில் கேமரா எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்திருக்கிறது!

கணக்குப்பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊரை விட்டுப் போறவ நான். கரைஞ்சு போயிருக்கிறது நீயாடி?” என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

படம் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அதைக் கழுவித் துடைத்து அவளிடம் நீட்டினார். அவள் தயங்கினாள்.

“சீக்கிரம் வாங்கிக்கோடி. எனக்கு மனசு மாறிடப்போகுது” என்றாள் பன்னு.

மறுநாள் காலையில் லாரி கிளம்பியது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை, படத்தை ஜன்னல் கண்ணாடியில் எங்கள் பக்கமாக வைத்துப் பிடித்துக்கொண்டாள். தெருவில் நின்று கையாட்டியவர்களும் நாங்கள்தான். நரைத்த தலையோடு அவள்கூட லாரியில் ஏறிப் போனவர்களும் நாங்கள்தான்.