செவலை தின்ற செவ்வந்தி

"யோவ்! உன் மாடு என் பூவைத் தின்னுது... இழுத்துப் பிடியேன்!"

மக்காவ் சேற்றுக்கரையில் படகை ஒதுக்கி நிறுத்தியிருந்த சாவ்ஹோ கத்தினாள்.

மாட்டின் கயிறு மாட்டுக்காரன் கெங்கின் கையில்தான் இருந்தது. ஆனாலும் அவன் அசையவில்லை. பாறைமேல் உட்கார்ந்து செவலையைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்த வெள்ளைக்கார ஓவியர் இடது கையை உயர்த்தியிருந்தார். அந்தக் கை இறங்கும்வரை மாடு அப்படியே நிற்க வேண்டும். பென்சில் இங்கே, உயிர் ஓடும்போதே. அதன்மேல் மை, பிறகு வீட்டில். அதுதான் அவர் முறை.

கை இறங்கியபோது படகின் பின்னாலிருந்த தொட்டியில் காம்புகூட மிச்சமில்லை.

"வேற செடி தர்றேம்மா..."

"செடியா? படகுக்குப் பின்னால பூத்தொட்டி இருந்தா, பொண்ணு இருக்கு, கேட்டு வாங்கன்னு அர்த்தம். புல்தொட்டின்னா மாப்பிள்ளை இருக்கார். என் கல்யாணத்தையே உன் மாடு மென்னுடுச்சுய்யா!"

அவன் சிரித்துவிட்டான். அப்போதுதான் விழத்தொடங்கிய தூறலில் நனைந்த அவன் கண்கள்... அவள் கோபம் பாதியில் நின்றது.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு செவ்வந்திச் செடி கொண்டுவந்தான். அவள் வாங்கி, செவலைக்கே ஊட்டினாள். தொட்டி காலியாகவே இருந்தது. ஏன் என்று அவனும் கேட்கவில்லை...

கெங்கின் அண்ணனுக்குச் செய்தி எட்டியது. "படகுலயே பொறந்து படகுலயே பொழைக்கிற தண்ணிக்காரி நம்ம வாசப்படி ஏறுனா ஊரே நம்மள ஒதுக்கிடும்டா!" என்றவர், செவலையைக் கப்பல்காரர்களுக்கு இறைச்சிக்கு விற்றார். அதைக் கப்பலுக்குக் கொண்டுபோனது சாவ்ஹோவின் படகுதான். கயிற்றைப் பிடித்தபடி கெங்கும் கூடப் போனான். போகும்போதும் வரும்போதும் இருவரும் பேசவில்லை. துடுப்புச் சத்தம் மட்டும்...

அதன்பின் அவன் வரவில்லை. மழை விடவில்லை. கரைக்காரன்தானே, கரையோடு போய்விட்டான் என்று அவள் மனதை இறுக்கிக்கொண்டாள். அம்மா புதுச்செடி வாங்கச் சொன்னபோது, சரி என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

அன்று காலை முழங்கால் சேற்றில் கெங் நின்றான். கையில் ஒரு தொட்டி. அதில் புல்.

"செவலைதான் இல்லையே... புல் யாருக்கு?"

"எனக்கு."

அவள் துடுப்பை இறுகப் பிடித்தாள்.

"ஓவியர் வீட்ல பார்த்தேன், சாவ்ஹோ. செவலை படத்துக்கு மை ஏத்திட்டார். வாயில இன்னும் உன் பூ இருக்கு. அன்னிக்குப் படகுல வாயைத் திறக்காம வந்தேனே... அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். கதவைச் சாத்திட்டார். எனக்கு நீதான் வேணும்... படகுல இடமிருக்கா?"

சாவ்ஹோ தொட்டியை வாங்கினாள். படகின் பின்பக்கம் போகாமல், பாய்க்கூரைக்குள்ளே கொண்டுபோய் மறைத்து வைத்தாள்.

"ஏன் உள்ள வைக்கிற?"

"வெளிய வெச்சா... வேற எவளாவது கேட்டு வந்துடுவா. ஏறுய்யா, நனையுறே."