எந்த ஊர் அறை?

"குடையை உங்க பக்கமே வச்சுக்குங்க சார்... தண்ணி பூரா என் தோள்ல ஊத்துது!"

ரபாப் சொல்லி முடிப்பதற்குள் காற்று அந்தக் குடையையே தலைகீழாகப் புரட்டிவிட்டது. டிராம் நிறுத்தத்தில் அவளுக்கும் சேர்த்துக் குடை பிடித்தவன் அதை ஒரு பார்வை பார்த்தான், அவளை ஒரு பார்வை பார்த்தான்... சிரித்துவிட்டான். மழையில் கழுவி எடுத்த மாதிரி இரண்டு கண்கள்! அவள் அவசரமாக டிராம் வரும் திசையைப் பார்த்தாள். டிராம் வருகிற வழியாக இல்லை.

"தெற்கே அசியூத் பொண்ணா? பேச்சே சொல்லுதே. குளிர்காலத்துல காசிம் புயல் தேதி தவறாம வரும்னு தெரியாதா? குடையில்லாம அலெக்சாந்திரியா வந்திருக்கீங்க."

"எங்க ஊர்ல மழையை டிவியில தான் பார்ப்போம்."

சூடான கொண்டைக்கடலைச் சாறு இரண்டு கோப்பை வாங்கி ஒன்றை நீட்டினான். எலுமிச்சையும் மிளகாயும் தொண்டையில் இறங்க, அவளுக்கு நாக்கும் அவிழ்ந்துகொண்டது.

"டாக்டர் ஹாதிம் மன்சியைப் பார்க்க வந்தேன். பில்ஹார்சியாப் புழுவுக்கு மருந்து கண்டுபிடிச்சு எழுதினாரே... அந்தக் கட்டுரையைத் தொள்ளாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க! நானும் ரெண்டு வருஷமா வரிக்கு வரி அப்படியே செய்றேன். வெள்ளைப் படிகம் வரும்னு எழுதியிருக்கார். எனக்கு வந்ததெல்லாம் தார்... ரோடு போடலாம்! இந்த மாசம் வரலேன்னா என் டாக்டர் பட்டம் அவ்வளவுதான்."

"அப்போ அவர் பொய் சொல்லியிருக்கார்ங்கறீங்க?"

"பொய்யோ, திமிரோ... அந்தக் கிழவர் முகத்துக்கு நேரா கேக்கத்தான் போறேன்."

அவனுக்குப் புரையேறியது. டிராம் வந்ததும் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

ஏன் புரையேறியது என்று ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தபோதுதான் புரிந்தது. உள்ளே ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றவன்... அவனேதான். கிழவரும் இல்லை, நரையும் இல்லை!

"என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"அவ்வளவு அழகா திட்டினீங்க... நிறுத்த மனசு வரலை."

அவள் விருட்டென்று திரும்பினாள்.

"போறதுன்னா போங்க." அவன் குரல் மாறியிருந்தது. "ஆனா என் படிகம் வரும். தைரியம் இருந்தா நின்னு பாருங்க."

பட்டத்துக்காகத்தான் நின்றாள்... அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவன் சன்னல்களையெல்லாம் விரியத் திறந்தான். கடல் காற்று இல்லாவிட்டால் அவனுக்கு வேலை ஓடாதாம்! பிறகு குடுவையை எடுத்தான். ஒரு சொட்டு சிந்தாமல், ஒரு அசைவு வீணாகாமல்... அப்படி வேலை செய்யும் கைகளை அவள் பார்த்ததே இல்லை.

மாலையில் குடுவைக்குள் ஒரு வெள்ளை ஊசி தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று... பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவை முழுக்கப் பூத்துவிட்டது. ரபாப் குடுவைமேல் குனிந்தாள். காகிதத்தில் மட்டுமே பார்த்த பொருள்! கண் நிறைந்துவிட்டது. அப்படியானால் தப்பெல்லாம் என் கையில்தானா...

"பார்த்தீங்களா? என் கட்டுரையில தப்பில்லை."

குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. விறைத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டவள், சட்டென்று நிறுத்தினாள். திறந்த சன்னலைப் பார்த்தாள். மேசையிலிருந்த வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு டிகிரி.

"டாக்டர்... அறை வெப்பநிலையில கலக்கணும்னு எழுதியிருக்கீங்க. எந்த ஊர் அறை? எங்க அறையில முட்டை வேகும்!"

ஹாதிமின் முகத்திலிருந்த வெற்றி அப்படியே வடிந்தது. முதலில் படிகம் வந்த அன்றும் குளிர்காலம்தான், அன்றும் சன்னல் திறந்துதான் இருந்தது. ஒப்புக்கொண்டால் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரையோடு காலமெல்லாம் ஒரு திருத்தம் தொங்கும். கோபப்படப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

அவன் கணினியைத் திறந்தான். இதழாசிரியருக்கு எழுதலானான்... 'பன்னிரண்டு டிகிரியில் கலக்க வேண்டும்; சூடான அறையில் சிதையும். நான் எழுதத் தவறிவிட்டேன். கண்டுபிடித்தவர் அசியூத் ஆய்வாளர் ரபாப்.' அவள் கண்ணெதிரேயே அனுப்பியும்விட்டான்.

படிகத்தைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படிச் சிலிர்க்கவில்லை.

"ஏன் டாக்டர்... யாருக்குத் தெரியப்போகுது? நானும் சொல்லமாட்டேனே."

"தொள்ளாயிரம் பேர் என் பேரை எழுதினாங்க, ரபாப். அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திட்டுத் திரிஞ்சேன். அதுல ஒருத்தராவது செஞ்சு பார்த்திருந்தா இந்தக் கேள்வி அன்னிக்கே வந்திருக்கும்." அவன் குரல் தழைந்தது. "நீங்க ஒருத்தர் தான் ரெண்டு வருஷம் என் வார்த்தையோடயே இருந்திருக்கீங்க... எனக்குத் தெரியாமலே. இனிமே எனக்குத் தெரிஞ்சு இருப்பீங்களா?"

மழை விட்டிருந்தது. அவள் எழுந்துபோய்ச் சன்னலை மூடினாள். திரும்பாமலே சொன்னாள்...

"ஒவ்வொரு தடவை தார் வந்தப்பவும் உங்க மேல கோபம் தான் வந்தது, ஹாதிம். ஆனா மறுநாள் காலையில நீங்க எழுதினதை நம்பித்தான் மறுபடி கலக்க ஆரம்பிச்சேன். ஏன்னு எனக்கே புரியலை... டிராம் நிறுத்தத்துல நீங்க சிரிக்கிற வரைக்கும்."