பெல்ட்டின் கடைசி முழம்

வினிதா சீட் பெல்ட்டை இழுத்தாள்... இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, காரு வாங்க வந்தியா, வலை இழுக்க வந்தியா?"

காருக்கு வெளியே கை கட்டி நின்ற அசோகன் கேட்டான். திருவொற்றியூரில் அவன் விற்கப்போகும் வெள்ளைக் கார் அது. மழைக்கு முந்தைய கடல் போல மினுங்கும் அவன் கண்கள்... அவள் சட்டென்று தன் நோட்டுக்குள் குனிந்துகொண்டாள்.

அந்த நோட்டில் பதினேழு கேள்விகள். அவள் அப்பா கருணாகரன் ஒருமுறை யாரையும் விசாரிக்காமல் பழைய எஞ்சினை வாங்கிப் படகில் மாட்டினார். நடுக்கடலில் அது நின்றுபோய், இரண்டு நாள் கழித்துதான் கரை சேர்ந்தார். இனி அவரைக் கடலுக்கு அனுப்பக்கூடாது, தானே டாக்சி ஓட்ட வேண்டும். அதற்காக ஒரு மாதம் மெக்கானிக், டாக்சி ஸ்டாண்டு என்று அலைந்து சேர்த்த கேள்விகள்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க."

"நடுரோட்டுல வுட்டா பொண்ணு நடந்து வூட்டுக்கு வந்துரும். காரு வராது."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது...

"எவ்ளோதாம்மா விசாரிப்ப?"

"கடைசி முழம் வரைக்கும்."

அந்தக் கடைசி முழம் வெளியே வந்தது. அதில் கறுப்பாய் ஒரு கோடு. எண்ணெய் மிதந்த வெள்ளம் ஏறி நின்ற அடையாளம்.

"இது முழுகின வண்டிங்க."

அவன் முகம் இருண்டது. "அப்ப நான் ஏமாத்துறேன்ற?"

"நான் சொல்லல... பெல்ட்டு சொல்லுது."

"கெளம்பும்மா."

அவள் இறங்கி நடந்தாள். தெருமுனையில் மழை பிடித்துக்கொண்டது. கார் போனதற்கா கண் கலங்குகிறது? அவளுக்கே புரியவில்லை. நோட்டைக் காரிலேயே விட்டுவிட்டது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள், எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பில் தூறலுக்கு ஒதுங்கி நின்றாள். எதிரே நனைந்தபடி அசோகன். சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தான்.

"அட்டையில அட்ரஸ் இருந்திச்சு. உன் வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தேன்..." அவன் தலை குனிந்தான். "அந்தக் கார நான் வாங்கசொல்லோ கலர பாத்தேன், பாட்டு போட்டு கேட்டேன். அவ்ளோதான். ஒரு கேள்வி கேக்கல. நேத்து ஒருத்தரு அதே மாதிரி பாக்காமலே வாங்க வந்தாரு. மனசு வரல. பெல்ட்ட இழுத்துக் காட்டிட்டேன்."

"அப்புறம்?"

"ஓடிட்டாரு."

அவள் சிரித்தாள். மழையும் கூடவே சிரித்தது போலிருந்தது.

"மாதவரத்துல ஒரு வண்டி கீது. உன் பதினேழு கேள்வியும் கேட்டு எழுதி வச்சிருக்கேன். நம்பாத. நீயும் ஒரு தபா பாரு." தயங்கினான். "ஆனா... உன்ன பத்தி மட்டும் ஒண்ணும் விசாரிக்கல. பாத்தேன். புடிச்சிபோச்சு. திருந்தவே மாட்டேன் போல."

அவள் மழையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"நான் விசாரிச்சேன்."

"யார்கிட்ட?"

"உங்க தெரு டீக்கடை... மெக்கானிக்கு... பக்கத்து வூட்டு டோரதி அக்கா. நோட்டு எடுக்க ரெண்டு நாள் வந்தேன். உங்க கதவ தட்ட தைரியம் வரல."

"இன்னா சொன்னாங்க?"

"கோவம் வரும்... பொய் வராதுன்னாங்க."

மாதவரம் பஸ் வந்து நின்றது. அவன் அசையவில்லை.

"எவ்ளோ விசாரிச்ச?"

படியில் கால் வைத்தவள் திரும்பினாள். கண்ணெல்லாம் மழை...

"கடைசி முழம் வரைக்கும். கறையே இல்ல. ஏறுங்க."