பாலத்தில் ஒரு பலகை பாக்கி

வாசல் மிதியடியில் வலது கால் ஷூ மட்டும் கிடந்தது. இடதைக் காணோம். எல்ஸ்பெத் பெஞ்சுக்கடியில் பார்த்தாள், விறகு அடுக்குக்குப் பின்னால் பார்த்தாள். நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நினைக்க அந்த வீட்டில் நாயும் இல்லை. லேனியைக் கேட்டாள். கணவன் நிக்லாஸின் முதல் தாரத்துப் பெண், பதினாறு வயது. தன்னுடைய ஷூ பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை யார் கேட்டார்கள்?

நிக்லாஸ் மரத்தச்சன். வருஷம் முழுக்கப் பாலமே கதியென்று கிடந்தான். மேலே கூரை, இரு பக்கமும் பலகைச் சுவர், ஆற்றின் குறுக்கே நீளமாய் ஒரு கொட்டகையைப் போல நிற்கும் மரப்பாலம். அதற்கு முந்திய மூன்றையும் வெள்ளம் கொண்டுபோயிற்றாம். இது மட்டும் நூற்றெண்பது வருஷமாக நிற்கிறது. இவன் தாத்தா பழுது பார்த்தார், அப்பா பார்த்தார், இப்போது இவன். அன்று சாயங்காலம் வேலை முடிந்த விருந்து. நடுப்பாலத்துச் சுவரில் ஒரே ஒரு பலகை பாக்கி, அதை விருந்துக்குப் பிறகு அடித்துக்கொள்ளலாம் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பாலத்தடி விருந்துக்குப் போனாள். வேலை முடிந்ததற்கு அடையாளமாகப் பாலத்துக் கூரை உச்சியில் கட்டிய சின்ன ஃபர் மரக்கன்றில் காகித நாடாக்கள் படபடத்தன. சாசேஜ் சுடுகிற புகை.

"என்ன அண்ணி, மாட்டுக்கொட்டாய்க்குப் போறாப்ல வந்துட்டீங்க?" என்றான் கூட வேலை செய்யும் ஏர்ன்ஸ்ட்.

இடது ஷூவைக் காணவில்லை என்றாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தவனின் கையும் நின்றது.

நிக்லாஸ் ஒயின் கிளாஸையே பார்த்தான். "நான்தான் எடுத்தேன். பாலத்துக் கூரைக்குள்ள வச்சிருக்கேன். தச்சன் வீட்டுப் பொம்பளையோடது ஒண்ணு வைக்கணும். எப்பவும் வைக்கிறதுதான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

கூரையைப் பிரித்தபோது உள்ளே இரண்டு ஷூ இருந்ததாம். ஒன்று அவன் பாட்டியுடையது, மற்றது அம்மாவுடையது. இரண்டு பேரும் ஆற்றோடு போனவர்கள். எப்போது என்று இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். பாலம் பழுது பார்த்து முடித்த அந்தந்த வருஷம் என்றான்.

"வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கோம், நிக்லாஸ்."

"லேனி என் பொண்ணு."

பன்னிரண்டு வருஷம் அவனுக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், அவனோடு ஒரே போர்வையில் தூங்கினாள். ஷூவை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பாசல் நகரத்துக்கு, அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று பாலத்துக்குள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

உள்ளே புது மரத்தின் பிசின் வாசனை, அதற்கடியில் எந்தக் காலத்திலோ நடந்துபோன மாடுகளின் வாசனை, பலகை இடுக்குகளில் கத்திக் கத்தியாகச் சாயங்கால வெளிச்சம், காலுக்குக் கீழே ஆறு தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிற சத்தம். பூட்ஸ் பலகையில் டொக் டொக்கென்றது. மேலே, கூரைக்குள்ளேயும் டொக் என்றது. அவள் இடது காலை வைக்கும்போது மட்டும்.

வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாக வந்தது. ஒற்றைக் கால்.

இடது பூட்ஸுக்குள் ஈரம். ஐஸ் மாதிரி.

நடுப்பாலம். அடிக்காத பலகையின் இடைவெளி. ஓர் ஆள் நுழைகிற அகலம். வெளியே தண்ணீர்.

நின்றாள். மேலேயும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் வாசலில் அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள். தொப்பிகளைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். நிக்லாஸும்தான். அவன் இடுப்பில் சுத்தியல். பக்கத்தில், அந்தக் கடைசிப் பலகை.

"நிக்லாஸ்."

அவன் தலை குனிந்தான். தூரத்தில் லேனி அழுதாள்.

அவள் எடுத்து வைக்காத ஓர் அடி, மேலே, இடைவெளியின் பக்கமாக விழுந்தது.

கீழே அவளுடைய இடது கால் எழுந்தது.