நாலு விரல் உயரம்

"ஐயோ... எனக்கு ஒண்ணுமே இல்லீங்க! விடுங்க என்னை!"

அவள் கத்தியதை அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை.

"பிரமாதமா நடிக்கிறாங்கப்பா!" என்றான் பனைமர உயரத்தில் இருந்த ஒருவன்.

"நெட்டை, பேச்சைக் குறை. கால் பட்டையை இறுக்கு," என்றான் கழுத்தில் விசில் மாட்டியிருந்தவன்.

ஐந்து நிமிடங்களுக்கு முன்புவரை அவள் சுதந்திரப் பறவை. அடிவாரத்தில் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மேலே ஊருக்குப் பத்தொன்பது வளைவுகள். வண்டி ஏறாத ஒற்றையடிப் பாதை. ஏழாவது வளைவில் இருந்த பாறைமேல் பெட்டியோடு உட்கார்ந்து, காலைக் கடித்த செருப்பைக் கழற்றினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மேலேயிருந்து ஒரு கூட்டம் திபுதிபுவென்று ஓடிவந்தது. அடுத்த நொடி அவள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள்!

"நான் நோயாளி இல்லைங்க!"

"எல்லா நோயாளியும் அப்படித்தாங்க சொல்லுவாங்க," என்றான் விசில்காரன் பணிவாக. "அதையும் சேர்த்துத்தான் பயிற்சி."

விசில் ஒலித்தது. நாலு பேர் தோள்கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் உயர்ந்தது. அவள் மூச்சிரைக்க ஏறிய ஏழு வளைவுகளும், ஒவ்வொன்றாக, தலைக்கு மேல் பின்னோக்கி ஓடின.

மழை தூற ஆரம்பித்தது. முதல் துளி அவள் நெற்றியில். இரண்டாவது துளி விழவில்லை. விசில்காரன் தன் தொப்பியைக் கழற்றி அவள் முகத்துக்கு மேல் குடையாகப் பிடித்திருந்தான். அவன் முகம் ஒரு சாண் தூரத்தில்... இமையில் தங்கிய மழைத்துளியை உதறக்கூட நேரமில்லாமல், பாதையை மட்டுமே பார்க்கும் கண்கள்.

'ஆளைக் கடத்திக்கிட்டுப் போறவனுக்கு இவ்வளவு அழகான கண்ணு எதுக்கு?' என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அடிவாரத்து பஸ் நிறுத்த பெஞ்சில் ஒரு கனமான ஆசாமி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்னங்க இது... பக்கத்து மலையிலேர்ந்து நோயாளியா நடிக்க வரச்சொன்னது என்னைத்தானே? ஏழு வளைவு ஏற முடியலை. அதான் இங்கேயே விழுந்துட்டதா வெச்சுக்கலாம்னு உட்கார்ந்துட்டேன்..."

எட்டுப் பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப... நீங்க?" என்றான் விசில்காரன்.

"நான் இந்த ஊருக்கு வந்திருக்கிற புது நர்ஸ்," என்றாள் அவள், பட்டைகளுக்குள் கட்டுண்டபடியே. "இப்பவாவது அவிழ்ப்பீங்களா?"

அவன் அவசரமாக அவிழ்த்தான். முகம் சிவந்திருந்தது. "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். நான் இங்கே தச்சு வேலை. இது எங்க தூக்குப் படை. உடம்பு முடியாதவங்களைத் தூக்கிக்கிட்டு இறங்க வேற வழியில்லை. வீட்டுக்கு ஒரு ஆள். சம்பளம் கிடையாது." தயங்கினான். பிறகு மெல்லச் சொன்னான். "நீங்க ஏழாவது."

"என்ன ஏழாவது?"

"ரெண்டு வருஷத்துல ஏழாவது நர்ஸ். யாரும் தொண்ணூறு நாளைத் தாண்டலை. இந்தத் தடவையும் ஆள் நிக்கலைன்னா சுகாதார நிலையத்தையே மூடிடுவோம்னு கடுதாசி வந்திருக்கு."

"நான் நிப்பேன்."

"ஆறு பேரும் அதைத்தான் சொன்னாங்க." அவன் குரலில் கேலி இல்லை. அலுப்பு இருந்தது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "செருப்பு கடிச்சிருக்கு போலிருக்கே... ஸ்ட்ரெச்சர்லயே மேலே கொண்டுபோய் விடட்டுமா?"

"வேண்டாம். எனக்குக் கால் இருக்கு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தொன்பது வளைவும் நடந்தாள். ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

அவள் பெட்டியைச் சுமந்தபடி பத்தடி பின்னால் வந்தவன், பத்தாவது வளைவில் மட்டும், "பிடிவாதம் ஜாஸ்திதான்..." என்று முணுமுணுத்தது கேட்டது.

*

சுகாதார நிலையம் என்பது ஒன்றரை அறை. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு எடைமேடை, கதவு மூடாத மருந்து அலமாரி. பின்னால் அவள் படுக்க அரை அறை. மழை பெய்தால் எடைமேடைமேல் சரியாக ஒழுகியது. முதல் வாரம் அவள் தண்ணீரைத்தான் எடை பார்த்தாள்.

இரண்டாவது வாரம் தச்சுப் பட்டறைக்குப் போய் நின்றாள்.

"கூரை ஒழுகுதா சிஸ்டர்?"

"ஒழுகுது. அது அப்புறம். நானும் படையில சேரணும். வீட்டுக்கு ஒரு ஆள்னு சொன்னீங்களே. சுகாதார நிலையமும் ஒரு வீடுதானே?"

இழைப்புளியை நிறுத்தினான். வந்திருந்த தபால்களைப் பட்டறை மேஜையில் பிரித்துக்கொண்டிருந்த நெட்டை, ஊருக்கு அவன்தான் தபால்காரன், சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான்.

"இங்கே வாங்க." பட்டறை நிலைக்கதவில் பென்சில் கோடுகள் வரிசையாக இருந்தன. "எல்லாருடைய தோள் உயரம். பக்கத்துல பக்கத்துல தூக்குற ரெண்டு பேருக்கும் தோள் ஒரே மட்டத்துல இருக்கணும். இல்லைன்னா நோயாளி சரிஞ்சு உருண்டுருவாரு. நானும் நெட்டையும் ஒரு ஜோடி. மில்காரரும் வாத்தியாரும் ஒரு ஜோடி..."

அவளை நிலையோடு நிற்கவைத்தான். அவள் தோளுக்கும் தன் கோட்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தான். அவன் கை அவள் மேல் படவில்லை. பட்டதுபோல் அவளுக்கு இருந்தது.

"நாலு விரல் கம்மி. வேற யாரோடயும் ஒத்துவராது. உங்களுக்கு இங்கே ஜோடி இல்லைங்க சிஸ்டர்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. காது மடல் வரை சிவந்தான். அவள் எடைமேடையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை ஒரு மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று வளைவு இறங்கி மூன்று வளைவு ஏறினாள். அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

பட்டறை ஜன்னலிலிருந்து குரல் வரும். "தோளை மாத்துங்க சிஸ்டர். ஒரே பக்கம் சுமந்தா கோணிப்போவீங்க!"

"கோணினா நாலு விரல் இன்னும் கம்மியாகுமே... உங்களுக்குச் சந்தோஷம்தானே!"

"மூட்டையில மணல்தானா, பஞ்சா?"

"வந்து தூக்கிப் பாருங்க!"

ஒரு நாள் நிஜமாகவே வந்து தூக்கிப் பார்த்தான். மணல்தான். அவள் தோளில் திரும்ப வைத்தான். வைத்த பிறகும் அந்தத் தோளையே ஏதோ கணக்குப் போடுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று மாலையே வந்து கூரையைச் சரிசெய்தான்.

'ஏன் அப்படிப் பார்த்தான்?' அன்றைக்கு முழுக்க அவளுக்கு அதே கேள்வி...

*

எண்பத்தைந்தாவது நாள் அந்தக் கடிதம் வந்தது. மாறுதல் உத்தரவு. தாய்மாமா யார் யாரையோ பார்த்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும்.

அம்மா போனில் பொரிந்தாள். "மாமா நாயா அலைஞ்சு வாங்கியிருக்காருடி! மலையும் மண்ணாங்கட்டியும் போதும். பெட்டியைக் கட்டு!"

தபால்காரன் கையில் வந்த உறை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அரை மணி நேரத்தில் தச்சன் வாசலில் நின்றான்.

'போகாதேன்னு சொல்லு... ஒரே ஒரு தடவை சொல்லு...'

"வெள்ளிக்கிழமை எந்த பஸ்?" என்று கேட்டான்.

அவளுக்குள் எதுவோ அறுந்தது. "ஏன், பெட்டி தூக்க வரப்போறீங்களா?"

"ஏழாவதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"ஆமாம். வந்த அன்னைக்கே எண்ணி வெச்சிட்டீங்க. அப்புறம் எதுக்கு இப்ப வந்து கேக்கறீங்க? போங்க. போய் எட்டாவதுக்குத் தயாராகுங்க!"

அவன் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். ஒட்டி, தபால் பெட்டியில் போட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. மழை ஊரையே அழித்துவிடுவதுபோலப் பெய்தது.

மூன்று நீண்ட விசில்கள்!

நெட்டை சேறும் சகதியுமாக ஓடிவந்தான். "சிஸ்டர்... பதினோராவது வளைவு... கைப்பிடிக் கட்டை ஆடுதுன்னு சரிபண்ணப் போனான்... மண்ணு சரிஞ்சு..."

"யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் பையை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தாள்.

தச்சன் பாதையோரம் சாய்ந்து கிடந்தான். வலது முழங்காலுக்குக் கீழே கால் தப்பான கோணத்தில் திரும்பியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர முயன்றான்.

"எனக்கு ஒண்ணுமில்லை. கம்பு குடுங்க, நடந்துருவேன்..."

"பிரமாதமா நடிக்கிறாரு," என்றாள் அவள். "ஸ்ட்ரெச்சரை விரிங்க!"

வாத்தியார் இருந்தார். மில்காரர் இருந்தார். நெட்டை இருந்தான். மற்ற நாலு பேரும் காலையிலேயே சந்தைக்கு இறங்கிப்போயிருந்தார்கள்.

"ஒரு ஆள் குறையுதே..." என்றார் வாத்தியார்.

"முதல்ல கால். சேர்த்துக் கட்ட நேரான கட்டை வேணும்." தச்சனின் வேலைப்பையைத் திறந்தாள்.

"அதைத் திறக்காதீங்க!" என்று பதறினான் அவன்.

இரண்டு மரச்சட்டங்கள் இருந்தன. எடுத்தாள். அதற்கும் அடியில், சுத்தமான துணியில் சுற்றி வேறு ஏதோ ஒன்று. விலக்கினாள்.

இழைத்து வழவழப்பாக்கிய ஒரு மரத்துண்டு. அடிப்பக்கம் ஒரு தோளின் வளைவுக்கு அச்சாகக் குடைந்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த துணி. மார்போடு கட்டிக்கொள்ள வார். மேல்பக்கம் ஸ்ட்ரெச்சர் கழி உட்கார ஒரு பள்ளம்.

அவள் தன் கையை அதன்மேல் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். சரியாக நாலு விரல்.

தச்சன் கண்களை இறுக மூடிக்கொண்டான். வலியினால் மட்டும் இல்லை.

"அடப்பாவி!" என்றான் நெட்டை. "என் இடத்துக்கே ஆள் பாத்துட்டியா?"

அவள் காலுக்குச் சட்டம் வைத்துக் கட்டினாள். பட்டைகளை இறுக்கினாள். அந்த மரத்தோளைத் தன் தோளில் வைத்து வாரைக் கட்டினாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அவன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நெட்டை, இன்னைக்கு நான்தான் உங்களுக்கு ஜோடி. தூக்குங்க!"

பத்தாவது வளைவு. தோள் எரிந்தது. ஒன்பதாவது. செருப்பு சேற்றில் போயிற்று, போகட்டும். எட்டாவது... மூச்சு நெஞ்சுக்குள் கத்தியாகச் செருகியது. எத்தனை மூட்டை மணல்! அத்தனையும் இதற்குத்தானா? அவள் நிற்கவில்லை.

ஏழாவது வளைவில்தான் விசில் ஊதினாள். அதே பாறை. ஸ்ட்ரெச்சரை அதன்மேல் இறக்கினார்கள். வாத்தியாரும் மில்காரரும் என்ன நினைத்தார்களோ, நாலடி தள்ளிப் போய் மழையை ரசிக்க ஆரம்பித்தார்கள். நெட்டைக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது. அங்கேயே நின்றான்.

அவள் குனிந்து நின்று, அவன் முகத்தில் மழை விழாமல் கையைக் குடையாகப் பிடித்தாள். ஒரு சாண் தூரம்.

"நாளைக்கு பஸ்ஸை விட்டுடாதீங்க..." என்றான் அவன் கண்ணைத் திறக்காமல்.

"எந்த பஸ்? மாறுதல் வேண்டாம்னு அன்னைக்கே எழுதித் தபால்ல போட்டுட்டேன்."

கண்கள் படக்கென்று திறந்தன. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. பஸ் எதுன்னுதானே கேட்டீங்க!"

அவன் பார்வை நெட்டையிடம் பாய்ந்தது.

"என்னை ஏண்டா முறைக்கிறே? ஒட்டின கவரை எடுத்துட்டுப் போனேன். உள்ளே இருக்கிறதைப் படிக்கிறதா என் வேலை?"

அவள் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இது... எப்போ செஞ்சீங்க?"

"மணல் மூட்டையைத் தூக்கிப் பாத்தேனே... அன்னைக்கு ஆரம்பிச்சேன். மூணு தடவை அளவு தப்பாப்போச்சு. நாலாவது இது."

"முடிச்சிட்டுக் குடுத்திருக்கலாமே!"

"குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தேன், கடுதாசி வந்த அன்னைக்கு. பஸ் எதுன்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன். எனக்கு... பின்னால பெட்டி தூக்கிட்டு வரவும் பிடிக்கலை. ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டிருக்கவும் பிடிக்கலை. உங்க பக்கத்துல நடக்கணும் சிஸ்டர். அதுக்குத்தான் செஞ்சேன்."

மழை அவள் கன்னத்தில் இறங்கியது. மழைதான் என்று யாராவது நம்பினால் சரி.

"இன்னொரு தடவை சிஸ்டர்னு கூப்பிட்டீங்க... ஸ்ட்ரெச்சரை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்."

வெளுத்த உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு பூத்தது. கை தயங்கித் தயங்கி நீண்டு அவள் விரல்களைப் பிடித்தது.

"போகாதே," என்றான்.

மூன்று நாளாக அவள் காத்திருந்த ஒரே வார்த்தை!

"இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டாள்.

"எண்பத்தெட்டு."

"எண்ணிக்கிட்டே இருந்தீங்களா?"

"தினமும். நிலைக்கதவுல... உங்க தோள் கோட்டுக்குப் பக்கத்துல."

"தொண்ணூறோட எண்ணுறதை நிறுத்திடுங்க. அதுக்கப்புறம் கணக்கு கிடையாது." விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டு விசிலை எடுத்தாள். "இன்னும் ஏழு வளைவு இருக்கு. வாத்தியார் சார், மழையை ரசிச்சது போதும்! வாங்க!"

விசில் ஒலித்தது. நாலு தோள்கள் ஒன்றாக எழுந்தன.

நெட்டை ஓரக்கண்ணால் ஸ்ட்ரெச்சரின் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தான். அதன் நடுவில் ஒரு மழைத்துளி உட்கார்ந்திருந்தது. அவன் பக்கமும் உருளவில்லை. அவள் பக்கமும் உருளவில்லை.

"ஆமாண்டா," என்றான் பெருமூச்சோடு, "அளவு சரியாத்தான் இருக்கு."