வாடகை மோடமும் ஆர்லோ நீமியும்

“இருபது டாலரா! இந்தப் பெட்டிக்கா? பகல் கொள்ளையா இருக்கே!”

ஆர்லோ நீமி நிமிர்ந்து பார்த்தான். அமெரிக்கத் துறைமுக ஊரான அஸ்டோரியாவில் சனிக்கிழமையானால் வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி, மேலே ஒரு தார்ப்பாயையும் கட்டி விற்பது வழக்கம். மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் எந்தப் பொருளும் விற்காது. அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் நனைந்த தொப்பிக்குள் இரண்டு கண்கள்... மழை வருமுன் ஆற்று முகத்துவாரம் காட்டுமே ஒரு சாம்பல் பச்சை, அந்த நிறம்.

“மேடம், இது மோடம். வீட்டுக்கு இன்டர்நெட்டைக் கொண்டு வர்றதே இதுதான். புதுசு வாங்கிப் பாருங்க, அப்புறம் தெரியும்.”

“புதுசுல இவ்வளவு தூசி இருக்காதே. அஞ்சு.”

“அஞ்சா? ஒயர் மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

எட்டு டாலருக்கு முடிந்தது. துறைமுகத்தில் கயிறும் கொக்கியும் பெயின்ட்டும் விற்கும் மூன்றாம் தலைமுறை வியாபாரி ஆர்லோ. மாலுமிகளையே மடக்கியவன். இவள் சிரித்த சிரிப்பில் மயங்கி, காசை வாங்கிப் பையில் போட்ட பிறகுதான், தோற்றது தான் என்று அவனுக்கு உறைத்தது. பெயரைக் கேட்கவும் மறந்திருந்தான். சே...

பெயர் திங்கட்கிழமை தானாகவே கடைக்கு வந்தது, சொட்டச் சொட்ட நனைந்து.

“நான் மார்னி டக்கெட். அடுத்தவங்க பொருளை விக்கிறதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு, மிஸ்டர் நீமி?”

“என்ன சொல்றீங்க?”

“இணைப்பு கேட்டு கேபிள் ஆபீஸுக்குப் போனேன். கவுன்டர்ல இருக்கிற டோர்கஸ் அம்மா நம்பரைத் தட்டிப் பாத்துட்டு, ‘இது எங்க பெட்டியாச்சே, கண்ணு! ஆர்லோ வாடகைக்கு எடுத்தது, இன்னும் மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்கான்’னு வாங்கி உள்ள வெச்சுட்டாங்க.”

ஆர்லோவின் காது நுனிவரை சிவந்தது. வாடகை கொடுப்பவன் ஏமாளி என்று ஊர் முழுக்க உபதேசம் செய்தவன் அவன்.

“நான் புதுசு வாங்கினப்புறமும் பில்லுல கீழே ‘உபகரணம்’னு ஒண்ணு போட்டிருக்கும்... ஏதோ டாக்ஸ்னு நினைச்சேன்.”

“எத்தனை வருஷமா?”

“அதை விடுங்க.” எட்டு டாலரை மேசைமேல் வைத்தான். “வெளியில மட்டும் சொல்லிடாதீங்க.”

அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் கொண்டுபோய்க் குடுத்ததாலதானே இனிமே உங்களுக்கு வாடகை இல்லை? அதுக்குக் கமிஷன் எங்கே?”

கமிஷன், துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு கிண்ணம் சிப்பி சூப்பாக முடிந்தது. சூப்பு ஆறும்வரை ஆர்லோ பாடம் நடத்தினான்.

“வருஷத்துக்கு மேல இருக்கிறதா இருந்தா சொந்தமா வாங்கிடுங்க. அதுக்குள்ள வாடகையே பெட்டி விலையைத் தாண்டிடும். ஆபீஸ்ல லிஸ்ட் கேட்டு, அவங்க லைனுக்கு ஒத்துப்போற மாடலாப் பாத்து வாங்கணும், அவ்வளவுதான். எத்தனை நாள் இருப்பீங்க?”

“மார்ச் வரைக்கும். நான் நர்ஸ். ஆஸ்பத்திரியில ஆறு மாச கான்ட்ராக்ட். முடிஞ்சதும் வேற ஊரு.”

“அப்போ... வாடகைதான் லாபம்.” அவன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

“கட்டில்கூட எனக்கு வாடகைதான்” என்றாள் மார்னி. “அப்பா ராணுவம். சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். பெட்டி கெட்டுப்போனா அவங்களே மாத்தித் தருவாங்க. கிளம்பும்போது திருப்பிக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.”

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைகள் ஏன் இப்படிக் குத்துகின்றன என்று அவனுக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சூப்பு. பேச்சில் ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. படகுகளைப் பார்த்துக்கொண்டு நனைந்தபடியே நடப்பார்கள். அவளுடைய இமையில் ஒரு மழைத்துளி தங்கி நின்றால், அது விழும்வரை ஆர்லோவுக்கு மூச்சு வராது...

பிப்ரவரியில் ஒருநாள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்:

“ஆஸ்பத்திரியில நிரந்தரமா இருக்கியான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும், ஆர்லோ?”

கண்கள் அவன் முகத்திலேயே இருந்தன. பிடித்த சரக்கைக் கண்டால் முகத்தில் காட்டாதே, காட்டினால் கைவிட்டுப் போகும்... கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவனுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம் அது. கூடவே ஒரு வீம்பு: இருக்க வேண்டுமென்றால் அவளே சொல்லட்டுமே! தோளைக் குலுக்கினான்.

“அதுல நான் என்ன சொல்றது? உன் இஷ்டம்.”

அவள் கண்களின் சாம்பல் பச்சை சட்டென்று இருண்டது. “அதுவும் சரிதான்” என்றாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. இரண்டு தடவை போனை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டான் அந்த மடையன்.

மார்ச் பிறந்தது. கடைக்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தவன், கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். மழையில் மார்னி போய்க்கொண்டிருந்தாள், கக்கத்தில் மோடம். ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். அந்த ஊரில் ஒருவர் அப்படிப் பெட்டியும் கையுமாகக் கேபிள் ஆபீஸ் பக்கம் நடந்தால் ஒரே அர்த்தம்தான். வீட்டைக் காலி செய்துவிட்டார்.

கோட்டு இல்லை, தொப்பி இல்லை, கல்லாவைப் பூட்டவில்லை. ஓடினான்.

“மார்னி! போகாதே!”

கேபிள் ஆபீஸ் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள்.

“வரிசையில வாப்பா, ஆர்லோ” என்றாள் டோர்கஸ்.

“ஒரு நிமிஷம் சும்மா இருங்க டோர்கஸ்! மார்னி, நான் பொய் சொல்லிட்டேன். உன் இஷ்டம்னு சொன்னேனே... என் இஷ்டத்தை மறைச்சிட்டேன். நீ இருக்கணும். இந்த ஊர்ல, என் கூட. நீ போயிட்டா சனிக்கிழமையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

மோடத்தை மார்போடு அணைத்தபடி அவள் அவனையே பார்த்தாள். அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நான் போறேன்னு யார் சொன்னா?”

“கையில பெட்டி...”

“வாடகைப் பெட்டிதானே? நேத்துதான் சொந்தமா ஒண்ணு வாங்கினேன். லிஸ்ட் பாத்து, ஒத்துப்போற மாடலா. வேலைக்கும் சரின்னு சொல்லிட்டேன்.”

ஆர்லோ முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்தான்.

“அப்போ... நான் ஓடி வந்திருக்கவே வேண்டாமா?”

“வேணும்” என்றாள் மார்னி. “ஊர் பிடிச்சதால இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். பாதி பொய், ஆர்லோ. நீ ஒரு வார்த்தை கேக்க மாட்டியான்னு வீம்பா உக்காந்திருந்தேன். ராத்திரி ராத்திரி அழுதேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு.”

யாரோ ஒருவர் கைதட்டினார். டோர்கஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள்.